மே தினம்: நம் ஊரார் கேட்டவையும் என் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழும் அன்பர்கள் மே தினத்தைப் பற்றி எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையொன்றில் முப்பது ஆண்டுகள் கடிதமும் கணக்கும் எழுதியவன் நான். பிற நாடுகளில் இந்த நாளை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதை அன்று முதல் இன்று வரை தேடிப் படித்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததை விரிவாகவும், என் துறைக்கு அப்பாற்பட்டதைச் சுருக்கமாகவும் எழுதியிருக்கிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்: மே 1ஆம் தேதி சிகாகோவில் எட்டுத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்றும், அதன் நினைவாகவே மே தினம் வந்தது என்றும் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். சரிதானா, ஐயா?

சரியன்று, அம்மா. 1886 மே 1 அன்று எட்டு மணி நேர வேலை நாளைக் கேட்டு அமெரிக்கா முழுவதும் வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 3 அன்று சிகாகோவில் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை ஒன்றின் வாயிலில் காவலர்கள் சுட்டார்கள். அதைக் கண்டித்து மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தில் யாரோ குண்டு வீசினார். எறிந்தவர் யார் என்பது இறுதிவரை நிறுவப்படவில்லை. எட்டு என்பது அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் எண்ணிக்கை. அவர்களில் பார்சன்ஸ், ஸ்பைஸ், ஃபிஷர், ஏங்கல் ஆகிய நால்வர் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டனர். லிங் என்ற இளைஞர் அதற்கு முந்தைய நாள் சிறையிலேயே இறந்தார். எஞ்சிய மூவரை 1893இல் இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணையே நேர்மையற்றது என்று கூறி விடுவித்தார். தேதிகளைத் தயவுசெய்து பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். பிழையான தேதியோடு சொன்ன உண்மையை, அந்தப் பிழையைக் காட்டியே பொய் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மகள் ஹெல்சிங்கியில் படிக்கும் ஒரு தாயார்: அங்கே மே தினத்தன்று எல்லோரும் வெள்ளைத் தொப்பி அணிந்து தெருவில் ஆடுகிறார்கள் என்கிறாள். அது தொழிலாளர் தினமா, மாணவர் விழாவா?

இரண்டும்தான். பின்லாந்துக்காரர்கள் அதை வாப்பு என்கிறார்கள். ஏப்ரல் 30 மாலையில் துறைமுகத்துக்கு அருகே நிற்கும் ஹாவிஸ் அமாண்டா என்ற பெண் சிலையைக் கழுவி, மாணவர்கள் அதற்கும் வெள்ளைத் தொப்பி சூட்டுவார்கள். மறுநாள் ஒருபுறம் தொழிற்சங்க ஊர்வலம் செல்லும், மறுபுறம் குடும்பங்கள் பூங்காவில் துணி விரித்து உணவருந்தும். சீமா என்ற பானத்தை எலுமிச்சையும் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து வீட்டிலேயே புளிக்க வைப்பார்கள். புட்டியில் போட்ட உலர்திராட்சை மேலே மிதந்து வந்தால் பானம் தயார் என்று பொருள். அதோடு மாவை நூல்போல எண்ணெயில் பிழிந்து பொரித்து, சர்க்கரைத் தூள் தூவிய ஒரு பலகாரமும் உண்டு. பாகில் ஊறாத ஜிலேபி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட பனிக்காலம் முடிந்து வெயில் திரும்பிய மகிழ்ச்சியும் உழைப்பவரின் உரிமைக் குரலும் ஒரே பாயில் அமர்ந்து உண்ணும் இந்தக் காட்சிதான், நான் படித்தறிந்த மே தினங்களிலேயே என் மனத்துக்கு மிக நெருக்கமானது.

பலர்: அமெரிக்காவில் பிறந்த மே தினத்தை அமெரிக்கா ஏன் கொண்டாடுவதில்லை?

அங்கே செப்டம்பர் மாத முதல் திங்கட்கிழமையே தொழிலாளர் தினம். 1894இல் அதிபர் கிளீவ்லாந்து அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். மே 1 சோசலிஸ்டுகளின் நாளாக ஆகிவிட்டதால் அதை அரசு ஏற்க விரும்பவில்லை.

பட்டப்படிப்பு மாணவர் ஒருவர்: ஐயா, மே 1 ஐரோப்பியரின் பழைய வசந்த விழா. கம்பத்தைச் சுற்றி நாடா பின்னி ஆடிய நாளுக்குப் பிறகு சிவப்புச் சாயம் பூசினார்கள். வசந்தமே இல்லாத மலேசியாவில், அதுவும் தமிழர்களாகிய நாம், இதை ஏன் நம்முடையதாகக் கொள்ள வேண்டும்?

தம்பி, உங்கள் முதல் கூற்றில் பாதி உண்மை. இங்கிலாந்தின் மேக்கம்பமும் ஜெர்மானியரின் மேமரமும் தொழிற்சங்கங்களைவிட மிகப் பழையவை. ஆனால் தொழிலாளர் இயக்கம் இந்தத் தேதியை அங்கிருந்து எடுக்கவில்லை. 1884இல் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒன்று, 1886 மே 1 முதல் எட்டு மணி நேரமே சட்டப்படியான வேலை நாள் என்று தீர்மானித்தது. 1888 டிசம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம், 1890 மே 1 அன்று மீண்டும் போராடுவதென முடிவு செய்தது. 1889இல் பாரிஸ் நகரில் கூடிய அனைத்துலக மாநாடு அந்தத் தேதியை அப்படியே ஏற்றுக்கொண்டது. தேதி அட்லாண்டிக் கடலைக் கடந்து ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் அங்குள்ளவர்கள் தங்கள் பூக்களை அதற்குச் சூட்டினார்கள். 1895இல் வால்டர் கிரேன் என்ற ஆங்கில ஓவியர் மே தினத்துக்காக மலர்மாலை ஏந்திய பெண்ணொருத்தியை வரைந்து, அந்த மாலையிலேயே எட்டு மணி நேரக் கோரிக்கையை எழுதிவைத்தார்.

வசந்தம் இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. மே 1 சித்திரையின் நடுப்பகுதியில், நம் இளவேனிலில் வருகிறது. இங்கே பால்மரம் என்னும் ரப்பர் மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையுதிர்த்து, துளிர்த்து, பிறகு மீண்டும் நன்றாகப் பால் தரத் தொடங்குவதை உங்கள் பாட்டியைக் கேட்டால் நாள் கணக்கோடு சொல்வார்.

ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஒருவர்: அந்த மாணவருக்கு நீங்கள் சொன்னது எனக்கு நிறைவாக இல்லை. 1884இல் அமெரிக்கர்கள் மே 1ஐத் தேர்ந்ததற்கு ஏதாவது காரணம் இருக்குமே?

நியாயமான மறுப்பு, அண்ணே. இதை நான் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். தீர்மானத்தில் காரணம் எழுதப்படவில்லை. ஆனால் அக்காலத்தில் நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் மே 1தான் வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து வீடு மாறும் நாள். ஒரே நாளில் நகரமே மூட்டை முடிச்சுகளோடு தெருவில் நிற்கும். பழைய கணக்கு முடிந்து புதிய ஒப்பந்தம் தொடங்கும் நாளில் புதிய வேலை நேரத்தையும் தொடங்குவது இயல்பானது. குளிர் நீங்கிய பின் குடிபெயரும் அந்த வழக்கத்தில் வசந்தத்தின் சாயல் இருக்கிறது என்பதை மாணவருக்காக ஒப்புக்கொள்கிறேன்.

அதே மாணவர்: நன்றி, ஐயா. ஆனாலும் நம் தோட்டத்து மக்களுக்கு இந்த நாள் இரவல் வாங்கியதுதானே?

இந்தச் சொல் எனக்கு வலிக்கிறது, தம்பி. ஆகவே பொறுமையாகப் பதில் சொல்கிறேன். இந்தியாவிலேயே முதல் மே தினக் கூட்டத்தை 1923இல் சென்னைக் கடற்கரையில் நடத்திச் செங்கொடி ஏற்றியவர் சிங்காரவேலர், மீனவர் குடும்பத்தில் பிறந்த தமிழர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியைக் கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியும் நல்ல மருத்துவமும் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். எட்டாண்டுகள் கழித்து, 1949 மே 4 அன்று, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மே மாதத்தில் இத்தனை பேரை இழந்த சமூகத்துக்கு மே தினத்தை யார் இரவல் கொடுத்திருக்க முடியும்?

மண்டோர் அவர்களே மீண்டும்: ஆனால் எங்கள் காலத்தில் லயத்தில் யாரும் மே தினம் என்று வாய்திறந்து சொன்னதில்லையே?

உண்மை. 1948 ஜூன் 16 அன்று நம் ஊருக்கு அருகேதான் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் செங்கொடி என்ற சொல்லுக்கே மக்கள் அஞ்சினார்கள். பெற்றோர் பேசாமல் இருந்ததால்தான் பிள்ளைகளுக்கு இது இரவல் போலத் தெரிகிறது. இந்நாட்டில் மே 1 பொது விடுமுறையாக்கப்படும் என்று துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயில் அறிவித்தது 1972இல்தான்.

மாதா கோவில் அன்பர்: அன்றுதானே தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளும் வருகிறது?

ஆம். தச்சராக உழைத்த சூசையப்பரின் பெயரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் அதை ஏற்படுத்தினார்.

இளம்பெண் ஒருவர்: பிரான்சில் பூ விற்கிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. வெள்ளை மணிகள் போன்ற முகே என்ற வாசமலரின் கொத்தை ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். அன்று மட்டும் சாதாரண மக்களும் தெருவில் அதை விற்கலாம். ஆயினும், முதலில் தொழிலாளர்கள் அணிந்தது சிவப்புக் காட்டு ரோஜா. 1891 மே 1 அன்று ஃபூர்மி என்ற நெசவு நகரில் படையினர் சுட்டு ஒன்பது பேர் இறந்தார்கள். அந்தச் சிவப்பு அவர்களுடைய நினைவையும் தாங்கியது. 1941இல், நாஜி ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசுதான் சிவப்பை அகற்றி வெள்ளையை முன்னிறுத்தியது.

தோட்ட அலுவலகக் கிராணி ஒருவர்: நிர்வாகமே விருந்து வைத்து மே தினத்தை நடத்தினால் நல்லதுதானே?

விருந்தை மறுக்க வேண்டாம். ஆனால் ஜெர்மனியை நினைத்துக்கொள்ளுங்கள். 1933இல் ஹிட்லரின் அரசு மே 1ஐச் சம்பளத்தோடு கூடிய தேசிய விடுமுறையாக்கிப் பெருவிழா எடுத்தது. மறுநாள், மே 2 அன்று, நாடெங்கும் தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றித் தலைவர்களைச் சிறையிட்டது. யார் விழா எடுத்தாலும், சங்கத்தின் கதவு மறுநாளும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் ஒருவர்: மே தினத்தன்று வேலைக்கு அழைத்தால் எவ்வளவு சம்பளம்?

1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி மே தினம் யாரும் மாற்ற முடியாத ஐந்து கட்டாய விடுமுறைகளில் ஒன்று. அன்று வேலை செய்யும் நாட்கூலிக்காரருக்கு விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். குலைக் கணக்கில் கூலி பெறுபவருக்கு வழக்கமான விலையைப் போல் இருமடங்கு. கூட்டு ஒப்பந்தம் இதைவிட அதிகம் தந்தால் அதுவே செல்லும்.

முக்கியமான எச்சரிக்கை: ஏப்ரல் 30ஆம் தேதியோ மே 2ஆம் தேதியோ உங்கள் வேலை நாளாக இருந்து, முன் அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வராமல் போனால், மே தினச் சம்பளம் கிடைக்காது.

இன்னும் மூவர்: அமெரிக்கா ஏன் மே தினத்தைக் கொண்டாடுவதில்லை?

மேலே எழுதிவிட்டேன். அருள்கூர்ந்து முதலில் படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஓர் அன்பர்: என் சேமநிதிக் கணக்கில் இரண்டு மாதச் சந்தா வரவில்லை.

அதற்குச் சம்பளச் சீட்டுகளோடு ஊழியர் சேமநிதி வாரியத்தின் கிளைக்கே செல்லுங்கள். தாமதிக்க வேண்டாம்.

தோட்டத்தில் வாழும் இல்லத்தரசி: எங்கள் லயத்தில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளுமே அதிகம். அவர்களுக்கும் மே தினம் உண்டா?

அவர்களுடைய நாடுகளிலும் மே 1 பொது விடுமுறைதான்; இந்தோனேசியாவில் 2014 முதல். இங்கே நான் மேலே சொன்ன சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும், விடுப்பைப் பற்றிய எச்சரிக்கையும் பொருந்தும். அவர்களில் பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை. உங்களால் முடிந்தால், ஏப்ரல் கடைசி வாரத்திலேயே அந்த எச்சரிக்கையை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். மே மாதச் சம்பளம் வந்ததும் அவர்களோடு உட்கார்ந்து, மே 1க்கான தொகை சீட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் சீட்டைப் பத்திரப்படுத்தி, அவர்களைத் தொழிலாளர் இலாகாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மலாய் பேசத் தயங்குபவராக இருந்தால் உடன் நின்று பேசுங்கள்.