ஒரு டாலர் கொள்ளை

கேள்வி: அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியினர் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, குற்றவாளிகளுக்குச் சலுகை என்று வரிப்பணத்தை வாரி இறைக்கிறார்கள். குடியரசுக் கட்சியினரோ சிக்கனமானவர்கள், குற்றவாளிகளிடம் கண்டிப்பானவர்கள். உங்கள் இதழ் ஏன் எப்போதும் முதல் கட்சிக்கே வக்காலத்து வாங்குகிறது?

பதில்: சிக்கனம் என்ற சொல்லை இவ்வளவு தாராளமாகச் செலவழித்துவிட்டீர்களே! 2011-இல் வட கரோலினா மாநிலத்தில் ஒருவர் வங்கிக்குப் போய், இது கொள்ளை, ஒரு டாலர் கொடுங்கள் என்று சீட்டு எழுதி நீட்டினார். டாலரை வாங்கிக்கொண்டு ஓடவில்லை. போலீஸ் வரட்டும் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார். மார்பில் கட்டி, முதுகில் வலி, கையில் காப்பீடு இல்லை. சிறைக்குப் போனால் வைத்தியம் நடக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. ஒரே ஒரு டாலர் என்பதால் வங்கிக் கொள்ளை வழக்குகூடப் போடாமல் சாதாரணத் திருட்டாகப் பதிந்துவிட்டார்கள், பாவம்.

ஆனால் அவர் சட்டம் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. கைதியின் நோயைத் தெரிந்தே கவனிக்காமல் விடுவது அரசியல் சாசனம் தடைசெய்த கொடிய தண்டனைக்குச் சமம் என்று 1976-இல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியே நடமாடும் நிரபராதிக்கு அப்படியொரு சாசன உரிமை அங்கே கிடையாது.

வெளியே இருப்பவருக்கு என்னதான் உண்டு? அவசர சிகிச்சைப் பிரிவு உண்டு. முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேரின் பணத்தை வாங்கும், அவசரப் பிரிவு உள்ள எந்த மருத்துவமனையும், உயிருக்குப் போராடி வருபவரைக் காசில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 1986-ஆம் ஆண்டுச் சட்டம். கையெழுத்திட்டவர் அப்போதைய குடியரசுக் கட்சி அதிபர் ரொனால்ட் ரீகன். அரசு மருத்துவக் காப்பீடு வந்தால் நாட்டின் சுதந்திரமே போய்விடும் என்று 1961-இல் இசைத்தட்டில் பேசி வெளியிட்ட அதே ரீகன்தான்! இன்சுலினுக்குக் காசில்லாத சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் கொடுக்க மாட்டோம், கால் அழுகி வந்தால் வெட்டி எடுத்துக் காப்பாற்றுவோம். அந்த அறுவைக்கான செலவு மருத்துவமனைக் கணக்கிலும், மற்றவர்கள் கட்டும் பிரீமியத்திலும், கடைசியில் வரியிலும் ஏறும். இதற்குத்தான் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

கண்டிப்புக்கு வருவோம். 1994-இல் கலிபோர்னியா, மூன்றாவது முறை மாட்டினால் 25 ஆண்டு முதல் ஆயுள்வரை உள்ளே என்று சட்டம் போட்டது. மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய பழைய குற்றவாளிக்கு அந்தத் தண்டனை விழுந்தது; 2003-இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. சிறைகள் நிரம்பிப் பிதுங்கின. உள்ளே வைத்தியம் எந்த லட்சணத்தில் இருந்தது என்றால், தவிர்த்திருக்கக்கூடிய மரணம் ஆறேழு நாளுக்கு ஒன்று. கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்கு மேல் ஆட்களை அடைக்காதே என்று 2011-இல் அதே உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. இன்று அந்த மாநிலத்தில் ஒரு கைதிக்கு ஆண்டுச் செலவு 1 லட்சம் டாலருக்கும் மேல். ஒரு மட்டைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியரசுக் கட்சியினருக்குக் கணக்கே வராது என்று நான் சொல்லவில்லை. டெக்சாஸ் அவர்கள் கோட்டை. ஐந்தாண்டில் சிறைகளில் 17,000 படுக்கைகள் பற்றாது, புதிதாகக் கட்ட வேண்டும் என்று 2007-இல் அங்கே மதிப்பீடு வந்தது. அவர்கள் கட்டவில்லை. ஏறத்தாழ 24 கோடி டாலரைப் போதை மறுவாழ்வுக்கும் மனநல சிகிச்சைக்கும் திருப்பிவிட்டார்கள். குற்றங்கள் பெருகவில்லை, குறைந்தன. 2011-இலிருந்து இருக்கும் சிறைகளையே மூட ஆரம்பித்தார்கள். சபாஷ்! அப்புறம்? ஒபாமா கொண்டுவந்த 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழைகளுக்கான அரசு காப்பீடான மெடிக்கெய்டை மாநிலங்கள் விரிவாக்கினால் கூடுதல் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்கும். அதை வேண்டவே வேண்டாம் என்று நிற்பதும் டெக்சாஸ்தான். நாட்டிலேயே காப்பீடு இல்லாதவர் விகிதம் மிக அதிகமான மாநிலமும் அதுவே. சிகிச்சை செலவைக் குறைக்கும் என்பது கைதி விஷயத்தில் புரிகிறது, வெளியே உழைக்கும் ஏழைத் தோட்டக்காரர் விஷயத்தில் புரிய மாட்டேன் என்கிறது.

இன்னொரு கூத்து. மெடிக்கெய்டு வைத்திருக்கும் ஏழை சிறைக்குள் போனால், மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்தால் தவிர, அந்தத் திட்டத்தின் பணம் பெரும்பாலும் நின்றுவிடும். 1965-இல் திட்டம் பிறந்தபோதே எழுதிய விதி இது. வைத்தியச் செலவு மாநிலத்தின் அல்லது மாவட்டத்தின் தலையில் விழும். மத்திய அரசின் கணக்கில் இது மிச்சம்.

சரி, வக்காலத்துக் குற்றச்சாட்டு. 1994 செப்டம்பரில் ஜனநாயகக் கட்சி அதிபர் பில் கிளின்டன் ஒரு குற்றத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலங்கள் சிறை கட்டுவதற்கு மட்டும் அதில் சுமார் 970 கோடி டாலர். எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற அவருடைய திட்டம் இந்த ஆண்டு நிறைவேறாது என்று செனட்டில் அவர் கட்சித் தலைவரே கைவிரித்ததும் அதே மாதத்தில்தான். அப்போது இரு அவைகளிலும் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. சிறைப் பணம் ஒதுக்கிய அந்த மசோதாவை செனட்டில் முன்னின்று நிறைவேற்றியவர் ஜோ பைடன். இதில் எந்த வரி அவர்களுக்கு வக்காலத்து என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.