துயரக் காலத்தில் யூத ஆண்களும் அவர்களைச் சூழ்ந்திருக்கும் சமூகமும்: கேள்வி பதில்

வடமேற்கு லண்டனில், யூதக் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதியில், பல ஆண்டுகளாக மனநலச் சமூகப் பணியாளராக இருக்கும் தமிழர் ஒருவரிடம் வாசகர்கள் கேட்டவையும், அவர் எழுதியளித்த பதில்களும் இங்கே தரப்படுகின்றன.

கேள்வி (கணக்கர், ஹாரோ): என்னுடன் பணிபுரியும் யூத நண்பரின் தந்தை காலமாகிவிட்டார். துக்கம் விசாரிக்க நான் போகலாமா? போனால் என்ன பேசுவது?

பதில்: தாராளமாகப் போகலாம். அடக்கம் நடந்த நாளிலிருந்து ஏழு நாள்கள் வீட்டில் அமர்ந்து துக்கம் காப்பதை ‘ஷிவா’ என்கிறார்கள். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை மட்டும் போக வேண்டாம். சபாத் என்னும் ஓய்வுநாளில் வெளிப்படையாகத் துக்கம் காப்பதில்லை. கதவு பெரும்பாலும் தாழிடப்படாமல் இருக்கும்; மணி அடிக்காமலே உள்ளே செல்லலாம். உங்கள் நண்பர் சவரம் செய்யாத முகத்தோடு, தாழ்வான முக்காலி ஒன்றில், மார்புப் பக்கம் கிழிக்கப்பட்ட உடையோடு அமர்ந்திருக்கக்கூடும். முகம் பார்க்கும் கண்ணாடிகள் துணியால் மூடப்பட்டிருக்கும். அவர் எழுந்து வந்து உங்களை வரவேற்க மாட்டார் என்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஏழு நாளும் அவருக்கு உபசரிக்கும் கடமை கிடையாது.

நீங்கள் என்ன பேசுவது என்று கவலைப்படவும் தேவையில்லை. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேச்சைத் தொடங்கக் கூடாது என்பதுதான் மரபு. வேதத்தில் வரும், எல்லாவற்றையும் இழந்து துயருற்ற யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததை இதற்கு முன்மாதிரியாகக் காட்டுவார்கள். அவர் தந்தையைப் பற்றிப் பேசினால் கேளுங்கள். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினால் அதையும் கேளுங்கள். விடைபெறும்போது பிரிட்டனில் உள்ள யூதர்கள் “உங்களுக்கு நீண்ட ஆயுள் அமையட்டும்” என்று வாழ்த்துவது வழக்கம். நீங்களும் அதையே சொல்லலாம். உணவு விதிகளை அவர்கள் எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள் என்று தெரியாவிட்டால், சமைத்த எதையும் எடுத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி (மனநலச் செவிலியர், மதுரை): ஆண்கள் மனம்விட்டுப் பேசுவதில்லை என்பதை எங்கள் பிரிவில் தினமும் பார்க்கிறேன். யூத ஆண்கள் இதில் வேறுபட்டவர்களா?

பதில்: இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலையால் இறப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஆண்கள். யூத ஆண்களுக்கென்று தனிக் கவசம் எதுவும் இல்லை. வேறுபாடு ஓரிடத்தில்தான் இருக்கிறது. உதவி கேட்கத் தெரியாத ஆணும் கேட்காமலே மனிதர்களுக்கு நடுவில் வந்து நிற்கும்படி அவர்களுடைய மரபு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

தாயையோ தந்தையையோ இழந்தவர் பதினொரு மாதங்கள் ‘காதிஷ்’ என்னும் வேண்டுதலைச் சொல்ல வேண்டும். பெரும்பகுதி அரமேய மொழியில் அமைந்த அந்த வேண்டுதலில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இறைவனின் பெயரைப் போற்றுவது மட்டுமே அதில் உண்டு. அதைத் தனியாகச் சொல்ல முடியாது. ‘மின்யான்’ எனப்படும் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும்; மரபுவழிச் சபைகளில் பத்து ஆண்கள், சீர்திருத்தச் சபைகளில் ஆண் பெண் இருபாலரும். ஆகவே குளிர்காலத்தில் விடிவதற்கு முன்பே, வேலைக்குப் போகும் வழியில், அவர் சினகாக் என்னும் வழிபாட்டுக் கூடத்துக்கு வந்தாக வேண்டும். முதல் வாரம் வாசகம் நாக்கில் தடுமாறும்; பக்கத்தில் நிற்கும் முதியவர் குரலைத் தாழ்த்தி, அவருக்காகவே வேகத்தைக் குறைத்து, கூடவே சொல்வார். அவர் ஒருநாள் வராவிட்டால் எண்ணிக்கை ஒன்பதில் நின்றுவிடும். உடனே யாராவது அவரைத் தொலைபேசியில் அழைப்பார்கள். ஆலோசகரின் அறைக்கு ஒருபோதும் வந்திருக்க மாட்டார்கள் என்று நான் கருதும் ஆண்கள் சிலர், சில மாதங்கள் இப்படி வந்துபோன பிறகு, வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி, தூக்கம் வருவதில்லை என்று ஒருவரிடம் முதன்முறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதைச் சிகிச்சையாக எண்ணிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாள் தவறாமல் வழிபாட்டுக்கு வந்துகொண்டே கடும் மனச்சோர்வை மறைத்துவைப்பவர்களும் உண்டு. தந்தைக்காகக் காதிஷ் சொல்ல விரும்பும் மகள்களுக்கு மரபுவழிச் சபைகள் எல்லாமே இதே இடத்தைத் தருவதில்லை என்பதும் எனக்கு உறுத்தலான விஷயம்.

கேள்வி (ஆசிரியை, லீட்ஸ்): 2023 அக்டோபருக்குப் பிறகு எங்கள் பள்ளியில் பணிபுரியும் யூத ஆசிரியர் மிகவும் மாறிவிட்டார். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார். தலையில் அணியும் கிப்பாவை இப்போது தொப்பிக்குள் மறைத்துக்கொள்கிறார். பேச்சைத் தொடங்கினால் அரசியலாகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

பதில்: ஆண்களிடம் துயரம் பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை, கோபமாகவும், ஓயாத வேலையாகவும், குடியாகவும், நள்ளிரவில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பதாகவும் வெளிப்படுகிறது. 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல்மீது ஹமாஸ் தலைமையில் நடந்த தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிரிட்டனில் யூத எதிர்ப்புச் சம்பவங்களைப் பதிவு செய்யும் சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளை, அந்த ஒரே ஆண்டில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களைப் பதிவு செய்தது. பல சினகாக்குகளின் வாசலில் காவலுக்கு நிற்பவர்கள் அந்தச் சபையின் தன்னார்வலர்களே. மனைவி மக்கள் உள்ளே வழிபடும்போது தான் வெளியே நின்று தெருவைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, எனக்கும் பயமாக இருக்கிறது என்று சொல்வது எளிதன்று.

அதைத் தொடர்ந்து காஸாவில் மூண்ட போரைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். காஸா மக்களின் துயரத்தை எண்ணி வருந்துவதும் உங்கள் உரிமை. அந்த விவாதத்தை முடித்த பிறகுதான் சக ஆசிரியரின் நலத்தை விசாரிக்க வேண்டும் என்றில்லை. “முன்புபோல் இல்லையே, தூங்குகிறீர்களா?” என்று கேட்டாலே போதும்.

கேள்வி (முதியோர் பராமரிப்புப் பணியாளர், இஸ்ரேல்): நான் கவனித்துக்கொள்ளும் பாட்டியின் பேரன் ரிசர்வ் படைப் பணி முடிந்து திரும்பியதிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை. வீட்டார் சபாத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள். அன்று ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?

பதில்: அம்மா, நீங்கள் பார்த்ததை அவருடைய பெற்றோரிடம் அப்படியே சொல்லுங்கள், வேலைக்காரி எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். போர் தொடங்கிய சில நாள்களிலேயே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ரிசர்வ் வீரர்கள் அழைக்கப்பட்டார்கள்; எனவே அந்த வீட்டின் கதை அந்த வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அவர் வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தால், அதை வேறிடத்துக்கு மாற்றும்படி பெற்றோரிடம் முதலில் சொல்லுங்கள். 1971இல் தொடங்கப்பட்ட ‘எரான்’ என்னும் அமைப்பின் 1201 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் பேசலாம். போராலும் தாக்குதல்களாலும் மனக்காயம் அடைந்தவர்களுக்கென்றே ‘நத்தால்’ என்னும் அமைப்பு 1998 முதல் இயங்குகிறது.

சபாத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உயிரைக் காப்பது ஓய்வுநாள் விதிகளைவிட மேலானது. உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என்ற ஐயமே அதற்குப் போதும். தற்கொலை எண்ணமும் உயிராபத்துதான். தொலைபேசியை எடுக்கலாம், 101 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கலாம், வண்டியில் ஏற்றிச் செல்லலாம். அவர்களே தயங்கினாலும் நீங்கள் அழையுங்கள்.

கேள்வி (ஆய்வு மாணவர், சென்னை): இவ்வளவு நெருக்கமான சமூகத்தில் மனநோயை மறைப்பதும் அதிகமாக இருக்குமே?

பதில்: இருக்கிறது, குறிப்பாகக் கடும் மரபுவழிக் குடும்பங்களில். அங்கே திருமணம் பெரியவர்கள் விசாரித்துப் பேசி முடிப்பது. தகப்பன் மாத்திரை சாப்பிடுகிறான் என்பது தெரிந்தால் மகளின் வரன் தட்டிப்போகும் என்ற அச்சம் நம் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றன்று. பக்கத்துத் தெருவில் மருத்துவர் இருக்க, நகரின் மறுகோடிக்குப் போய் மருந்துச் சீட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். காதிஷுக்கு ஒருவர் வராததைக் கவனிக்கும் அதே கண்கள்தாம் அவர் எந்த மருத்துவமனைக்குள் நுழைந்தார் என்பதையும் கவனிக்கின்றன. இதை உடைக்கவே, 1989இல் லண்டனில் உருவான ‘ஜாமி’ என்னும் யூத மனநல அமைப்பு, ஆண்டில் ஒரு சபாத்தை மனநலத்துக்கென ஒதுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. எகிப்தை மூன்று நாள் காரிருள் மூடியதைச் சொல்லும், யாத்திராகமம் என்னும் வேதநூலின் பகுதி வாசிக்கப்படும் வாரம் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒருவரையொருவர் காண முடியாமலும், இருந்த இடத்தை விட்டு எழ முடியாமலும் இருந்தார்கள் என்ற வரியை எடுத்துக்கொண்டு ரபி எனப்படும் யூத மதகுரு ஒருவர் மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது, அதைக் கேட்கும் ஆணுக்கு மருத்துவரிடம் போவதற்கு ஓர் அனுமதி கிடைத்ததுபோல் ஆகிறது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர், டொராண்டோ): தற்கொலை செய்துகொண்டவருக்கு யூத மதத்தில் துக்கச் சடங்குகளே கிடையாது என்று படித்தேன். உண்மையா?

பதில்: பழைய சட்ட நூல்களில் அப்படித்தான் இருக்கிறது, நடைமுறை வெகுவாக மாறிவிட்டது. தெளிந்த புத்தியுடன் செய்தார் என்பது உறுதியானால்தான் அந்த விதி பொருந்தும் என்று ரபிகள் அதைக் குறுக்கிக்கொண்டே வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் ரபி யெகியேல் மிகேல் எப்ஸ்டீன், விலக்களிக்க எந்தச் சிறு காரணம் கிடைத்தாலும் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற போக்கில் எழுதினார். இன்று பெரும்பாலான சபைகளில் ஷிவாவும் உண்டு, காதிஷும் உண்டு. இந்தக் கேள்வியை உங்களுக்காகவே கேட்டிருந்தால், கனடாவில் 988 என்ற எண்ணை இன்றே அழையுங்கள். பிரிட்டனில் 116 123, இந்தியாவில் 14416.

கேள்வி (போதகர், நாகர்கோவில்): ஆறுதல் சொல்லும் ரபிக்கு யார் ஆறுதல் சொல்வார்கள்?

பதில்: பழங்கால ரபிகளின் விவாதங்களையும் கதைகளையும் தொகுத்த தல்மூத் என்னும் நூலில் இதற்கொரு கதை உண்டு. நோயுற்றவரைக் கைகொடுத்து எழுப்பிய ரபி யோகனான், பிறகு தாமே நோயில் விழுந்தார். அவரைப் பார்க்க வந்த ரபி ஹனினா, “இந்த வேதனை உமக்கு விருப்பமா?” என்று கேட்டார். “வேதனையும் வேண்டாம், அதற்கான பலனும் வேண்டாம்” என்றார் யோகனான். ஹனினா கைகொடுத்து அவரை எழுப்பினார். பிறரை எழுப்பியவர் தம்மையே எழுப்பிக்கொள்ளக் கூடாதா என்ற கேள்விக்கு, சிறைப்பட்டவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது என்று தல்மூத் பதில் சொல்கிறது. நடைமுறையில், தம் சபையைச் சேராத ஆலோசகர் ஒருவரை முறையாகப் பார்த்து வரும் ரபிகளே நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிறார்கள். உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி (வேலையிழந்த பொறியாளர், கோவை): பணக்கஷ்டத்தால் வரும் மன உளைச்சலுக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள்?

பதில்: ‘கெமாக்’ என்ற பெயரில் வட்டியில்லாக் கைமாற்றுத் தரும் நிதிகள் யூதர்கள் செறிந்து வாழும் பல இடங்களில் இருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாகப் பிரித்தபோது, ஒருவருக்குக் கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ கொடுத்து அவரைச் சொந்தக் காலில் நிற்க வைப்பதை எல்லாவற்றுக்கும் மேல் வைத்தார். வேலை போனதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும் ஆண்களிடம், “மனசு எப்படி இருக்கிறது?” என்று தொடங்கினால் பேச்சு நகராது. இந்த மாத வீட்டுக்கடன் தவணையில் தொடங்கினால், மற்றவை தாமாக வெளிவரும்.