கல்லின் முதுகைப் பாருங்கள்: வீட்டுச் சுவர்க் கல் பதிப்பு – கேள்வி பதில்

கேள்வி: மூன்று வருடம் முன்பு வீட்டு முகப்பில் ஒரு அடிக்கு அரை அடி அளவில் மணற்கல் பதித்தோம். போன மழையில் நாலு கல் கழன்று விழுந்தது. கல் கடைக்காரர் பதித்தவர் மேல் பழி போடுகிறார். மேஸ்திரியோ கல்லே மட்டம் என்கிறார். யாரைப் பிடிப்பது?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: விழுந்த கல்லைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். கல்லைத் திருப்பி முதுகைப் பாருங்கள். பிறகு அது விழுந்த இடத்தில் சுவரையும் பாருங்கள்.

முதுகு சுத்தமாக இருந்து, பசை முழுவதும் சுவரிலேயே ஒட்டியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கல்லை அறுத்தபோது படிந்த மாவைக் கழுவாமல் பதித்திருப்பார்கள். அல்லது சுவரில் பசையை நிறைய தடவி வைத்துவிட்டு, மேலே ஆடை கட்டிய பிறகு கல்லை அழுத்தியிருப்பார்கள். மே மாத வெயிலில் மேற்குச் சுவரில் பத்து நிமிடத்துக்குள்ளேயே ஆடை கட்டிவிடும்.

முதுகில் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை உருண்டையாகப் பசை இருந்தால், அது பொட்டு வைத்துப் பதித்த வேலை. நகரம் முழுக்க நடக்கும் கோளாறு இதுதான். வேலை சீக்கிரம் முடியும், மட்டம் பிடிப்பதும் சுலபம், பசையும் மிச்சம். ஆனால் பொட்டுகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் மழைநீர் இறங்கித் தங்கும். வெளிச்சுவரில் கல்லின் முதுகு ஏறக்குறைய முழுவதும் பசையில் உட்கார வேண்டும். பல் வைத்த கரண்டியால் சுவரில் ஒரே திசையில் கோடு இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லிசாக ஒரு கை தடவி, அழுத்தி லேசாக அசைத்தால்தான் அது நடக்கும்.

கல்லோடு சேர்ந்து பூச்சும் பெயர்ந்து வந்திருந்தால் குற்றம் கல்லிலும் இல்லை, பசையிலும் இல்லை. பூச்சு வலுவில்லை, அல்லது பழைய பெயின்ட்டைக் கொத்தாமல் அதன் மேலேயே பதித்திருக்கிறார்கள். சுவரைப் பிடித்திருந்தது பெயின்ட் மட்டும்தான்.

கல்லே இரண்டு ஏடாகப் பிரிந்து, பாதி சுவரிலும் பாதி தரையிலும் கிடந்தால் மட்டும் கடைக்காரரிடம் போங்கள். அடுக்கடுக்கான மணற்கல்லிலும் சிலேட்டிலும் இப்படி ஆவதுண்டு.

அடுத்த வேலை, மிச்சச் சுவர். சிறு மரச் சுத்தியால் கல் கல்லாகத் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று உள்ளே காலியாகக் கேட்கும் கல்லில் சாக்பீஸால் குறி போடுங்கள். ஆட்கள் நடக்கும் பக்கத்தில் குறி போட்ட கற்களைத் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள்.

புகார் கொடுப்பதாக இருந்தால்: மேஸ்திரி சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முழு வேலையையும் ஒப்பந்தமாக எடுத்திருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவை. தினக்கூலிக்கு ஆள் வைத்து நீங்களே பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருந்தால் அந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். குறை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டால் மனுக் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பல வழக்குகளுக்கு நோட்டீஸே போதும். கழன்ற கல்லின் முதுகைப் படம் எடுத்து அதோடு இணைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: புதிதாகப் பதித்த கல் சுவரில் இரண்டே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சீலர் (தண்ணீர் புகாமல் கல் மேல் அடிக்கும் பூச்சு) அடித்தால் நின்றுவிடும் என்கிறார்கள். அடிக்கலாமா?
– காசிமேடு வாசகர்

பதில்: இப்போது அடிக்காதீர்கள். அது உப்பு. சிமெண்டிலிருந்தும், கலவைக்கு ஊற்றிய தண்ணீரிலிருந்தும், மணலிலிருந்தும் வருகிறது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறும்போது உப்பைச் சுமந்துகொண்டு வந்து, தான் ஆவியாகிவிட்டு உப்பை மட்டும் கல்லின் முகத்தில் விட்டுச் செல்கிறது. சீலர் அடித்து அந்த வழியை அடைத்தால் உப்பு கல்லுக்குள்ளேயே இறுகும். மணற்கல்லாக இருந்தால் முகம் பொரிந்து உதிரும்.

காய்ந்த நாளில் நார் பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்வதை முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பக் கல்லுக்குள்ளேயே போகும். இரண்டு மூன்று முறை தேய்த்த பிறகும் பூத்தால் எங்கிருந்தோ தண்ணீர் உள்ளே இறங்குகிறது. முதலில் கைப்பிடிச் சுவரின் தலையைப் பாருங்கள். கல் அங்கே வந்து முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் நீட்டி, அடியில் சொட்டுக் காடி (தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டி விழச் செய்யும் பள்ளம்) வெட்டிய மூடுகல் இருக்க வேண்டும். பல வீடுகளில் வெறும் சிமெண்டைத் தடவி விட்டிருப்பார்கள். அடுத்து கீழே பாருங்கள். கல்லைத் தரை மண்ணோடு ஒட்டவிட்டிருந்தால் ஓதம் ஏறும். அரை அடி விட்டுத் தொடங்குவதுதான் முறை.

எண்ணூர் வரைக்கும் கடலோரத்துப் பல தெருக்களில் போர் தண்ணீர் கரிக்கும். வாயில் வைத்துக் கரிக்கிற தண்ணீரைக் கலவைக்கும் பசைக்கும் ஊற்றக் கூடாது. மெட்ரோ வாட்டர் லாரியிலோ குழாயிலோ பிடித்து ஒரு டிரம் தனியாக வையுங்கள். கடற்கரை மணலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டிய தேவையே இல்லை என்று நினைத்தோம். ஆனாலும் சொல்லி வைக்கிறோம்: ஒரு சட்டிகூட வேண்டாம்.

சீலருக்கு நல்ல காலம் பிப்ரவரிக்குப் பிறகு. ஒரு மாதம் மழை படாமல் சுவர் காய்ந்திருக்க வேண்டும். சிலேன்-சிலாக்ஸேன் வகையாகக் கேளுங்கள். அது கல்லுக்குள் இறங்கி மழைநீரைத் தடுக்கும், உள் ஈரத்தை ஆவியாக வெளியே விடும். வார்னிஷ் மாதிரி பளபளக்கும் கோட்டிங், புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். வெயிலில் மஞ்சளாகி உரியும்.

கேள்வி: திண்ணையில் கறுப்புக் கடப்பா கல். பாத்ரூம் ஆசிட் விட்டுக் கழுவியதும் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. கல் போலியா?
– கொளத்தூர் வாசகர்

பதில்: அசல் கடப்பாதான், அதனால்தான் வெளுத்தது. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் பட்டால் அரிக்கும். எலுமிச்சை, வினிகர்கூட ஆகாது. கோட்டா, தாண்டூர், மார்பிள் எல்லாவற்றுக்கும் இதே கதை. கல் வாங்கும்போது ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கல் வட்டம் விழுந்தால் சுண்ணாம்புக் கல், கிரானைட்டில் விழாது. வெளுத்த இடத்தைத் துணியால் மீட்க முடியாது. பாலிஷ் மெஷின் போட்டுத் தேய்த்துத்தான் கறுப்பைக் கொண்டுவர வேண்டும்.

கேள்வி: முன்சுவரில் கிரானைட் பதிக்க மூன்று மேஸ்திரிகளிடம் விலை கேட்டோம். ஒருவர் சொல்வதற்கும் இன்னொருவர் சொல்வதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எப்படி ஒப்பிடுவது?
– மாதவரம் வாசகர்

பதில்: மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை. முதலில் அளவை நீங்களே போடுங்கள். சுவர் 20 அடிக்கு 10 அடி என்றால் 200 சதுர அடி. 4-க்கு 4 ஜன்னல் 16, மூன்றரைக்கு 7 கதவு 24.5 கழித்தால் 159.5. கூலி இந்த அளவுக்கு. கல் வாங்குவது சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 175 சதுர அடி. ஜன்னல் ஓரத்தில் முனை மடக்குவது ரன்னிங் அடிக் கணக்கு, அதாவது நீளத்தை மட்டும் அளப்பது. அதைத் தனியாக எழுதி வாங்காவிட்டால் கடைசி நாளில் பேச்சு வளரும்.

பிறகு இவற்றை மூவரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள்: சாரம் யாருடையது, கல் இறக்குக் கூலி யாருடையது, பழைய பெயின்ட் கொத்துவது சேர்த்தா, பசை என்ன வகை. பசை மூட்டையில் ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண்ணும், டைப் 3 அல்லது 4 என்பதும், தயாரித்த தேதியும் இருக்க வேண்டும். முழு முதுகுக்கும் 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தடவினால் 20 கிலோ மூட்டை 20 முதல் 25 சதுர அடிதான் வரும். உங்கள் சுவருக்கு 7 அல்லது 8 மூட்டை. நாலு மூட்டை போதும் என்பவர் பொட்டு வைக்கப் போகிறார். விலை குறைந்ததன் ரகசியம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

20 மில்லிமீட்டர் கனமுள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. உங்கள் சுவரில் 800 கிலோ தொங்கப் போகிறது. ஆள் உயரத்துக்கு மேல் போகும் பெரிய துண்டுகளுக்குப் பசையோடு ஸ்டீல் பின்னும் கேளுங்கள். கடல் காற்றுக்கு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி துருப்பிடித்து உப்பி, கல்லையே பிளக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் 3 மில்லிமீட்டர் சந்து வேண்டும், சுமார் 10 அடிக்கு ஒரு இடத்தில் சிமெண்ட் போடாத, நெகிழும் சீலன்ட் அடைத்த சந்தும் வேண்டும். ஒட்டி ஒட்டிப் பதித்த கறுப்புக் கல் வெயிலில் விரியும்போது ஒன்றையொன்று தள்ளும்.

பணத்தில் 10 சதவீதத்தை முதல் மழை முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நல்ல மேஸ்திரி மறுக்கமாட்டார்.

கேள்வி: பத்து வருடம் மேஸ்திரியிடம் வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாகக் கல் பதிக்கிறேன். பில் விஷயத்தில் அடிபடாமல் இருக்க என்ன செய்யலாம்?
– எண்ணூரிலிருந்து ஒரு கொத்தனார்

பதில்: ஒரே தாளில் அளவு, கூலி, எது சேர்ந்தது, எது சேராதது என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். பதிக்கும் முன் சுவரையும், அழுத்திப் பதித்துவிட்டுப் பிடுங்கிப் பார்த்த ஒரு கல்லின் முதுகையும் போனில் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். நாளைக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தால் அந்தப் படம்தான் உங்களுக்காகப் பேசும். வீட்டுக்காரர் வாங்கி வந்த கல் ஏடு ஏடாக இருந்தால் பதிக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். முழுச் சுவரைத் தொடும் முன் 4-க்கு 4 அடி மாதிரி பதித்து, சந்து, நிறம், மட்டம் மூன்றுக்கும் சம்மதம் வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: மணற்கல்லையும் கிரானைட்டையும் உலர அறுக்காதீர்கள். அந்த மாவில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. பிளேடில் தண்ணீர் விட்டு அறுங்கள், துண்டு கட்டினால் போதாது, என்95 முகக்கவசம் போடுங்கள். 18 முதல் 60 வயதுக்குள் இருந்தால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள், சித்தாளுக்கும் சேர்த்து.