கையெழுத்து வாங்கினால் போதுமா?

கேள்வி: பழங்குடிச் சமூகம் ஒன்றின் மூலிகை அறிவைப் பற்றி, அவர்களோடு சேர்ந்து முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போகிறேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதி தந்துவிட்டது. ஒப்புதல் படிவமும் தயார். இதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: கட்டாயம் செய்ய வேண்டும். படிவத்தில் கையெழுத்திடுபவர் தனி ஆள்; மூலிகை அறிவோ ஊருக்கே பொது. அதனால் முதல் பேட்டிக்கு முன்பே சமூகத்தோடு ஓர் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுபாய் மக்களுக்கு நடந்தது அப்படி. 1990 முதல் அவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். சர்க்கரை நோய் தங்களை ஏன் இப்படி வாட்டுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கொடுத்தார்கள். அதே இரத்தம் மனச்சிதைவு, முன்னோரின் இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் போனது. 2003இல் அந்தச் சமூகப் பெண் ஒருவர் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் போய் உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரியவந்தது. வழக்கு நடந்து, 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்தது. மாதிரிகளும் திரும்பி வந்தன. அங்கேயும் கையெழுத்து இருந்தது. ஆனால் படிவத்தின் வாசகம் எதற்கும் இடம் கொடுக்கும்படி அகலமாக இருந்தது.

உங்கள் வாசகம் குறுகலாக இருக்கட்டும்: ‘இந்த ஒலிப்பதிவு இந்த ஆய்வேட்டுக்கு மட்டும். வேறு எதற்கு எடுத்தாலும் மறுபடி வந்து கேட்போம்.’ அப்புறம், மூலப் பதிவு யாரிடம் இருக்கும்? கனடாவின் முதல் குடிகள் (அங்குள்ள பூர்வகுடி மக்கள்) தங்களைப் பற்றிய தரவுக்கு 1998இல் நான்கு கொள்கைகளை வகுத்தார்கள்: உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறோம். உரிமை உங்களுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்கைப் பல்கலைக்கழகத்திலேயே வைத்துக்கொண்டால், அவர்கள் ஒவ்வொரு முறையும் நம்மிடம் வந்து கேட்டு நிற்க வேண்டியிருக்கும். மாணவர் திரட்டும் தரவு பல்கலைக்கழகத்துக்கே சொந்தம் என்று அதன் விதியில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மூலிகை விஷயத்தில் இன்னொன்று. செடியின் பெயர், பக்குவம், அளவு மூன்றும் ஆய்விதழில் அச்சாகிவிட்டால் திரும்பப் பெற வழியே இல்லை. சில மருந்துகளைக் குறிப்பிட்ட குடும்பத்தார் மட்டுமே சொல்லலாம் என்ற கட்டுப்பாடும் இருக்கலாம். ரெக்கார்டரைப் போடும் முன் அதைக் கேளுங்கள். ‘இது வேண்டாம்’ என்றால் குறிப்பேட்டிலும் எழுத வேண்டாம்.

மொழிபெயர்ப்பவருக்கும் காட்டில் வழிகாட்டுபவருக்கும் ஊதியம் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். அச்சுக்கு முன் ஊராரின் மொழியில் படித்துக் காட்ட நாலைந்து மாதமாவது ஒதுக்குங்கள். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறையில், அச்சுக்கு முன் காட்டுவதாகச் சொன்ன ஆய்வாளர்கள் அந்த வாக்கைக் காப்பாற்றாததும் ஒரு குறையாகப் பதிவாகியிருக்கிறது.

நீங்கள் படித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு ஊரார் ஓர் இயலையே வேண்டாம் என்றால்? அந்த இயல் இல்லாமல் ஆய்வேடு நிற்குமா என்று உங்கள் நெறியாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.