நீலக் குதிரைவீரனும் அரூப ஓவியமும்: கேள்வி பதில்

கேள்வி: ‘நீலக் குதிரைவீரன்’ ஓவியர் குழு எவ்வாறு தோன்றியது?

பதில்: ஒரு பிணக்கில் தோன்றியது. 1909-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் தொடங்கப்பட்ட புதிய கலைஞர் சங்கத்தின் முதல் தலைவர், ரஷ்யாவிலிருந்து வந்து அங்கே குடியேறியிருந்த ஓவியர் வசீலி காண்டின்ஸ்கி. 1911 டிசம்பரில் அவருடைய ‘கம்போசிஷன் 5’ ஓவியத்தை, விதி அனுமதிக்கும் 4 சதுர மீட்டரை மீறுகிறது என்று கூறித் தேர்வுக் குழு தள்ளிவிட்டது. அளவு வெறும் சாக்கு. அவருடைய படங்களில் உருவங்கள் கரைந்துகொண்டே போனதைத்தான் சகாக்களால் பொறுக்க முடியவில்லை. காண்டின்ஸ்கியும் சக ஓவியர்களான ஃபிரான்ஸ் மார்க்கும் கேப்ரியேல முயன்டரும் வெளியேறி, அதே மாதம் 18-ஆம் தேதி, சங்கத்தின் கண்காட்சி நடந்த தான்ஹவுசர் கலைக்கூடத்திலேயே, பக்கத்து அறைகளில் ‘நீலக் குதிரைவீரன்’ என்ற பெயரில் தங்கள் கண்காட்சியைத் திறந்தார்கள்.

கேள்வி: ஏன் அந்தப் பெயர்?

பதில்: தமக்கும் மார்க்குக்கும் நீலம் பிடிக்கும், மார்க்குக்குக் குதிரைகள் பிடிக்கும், தமக்குக் குதிரைவீரர்கள் பிடிக்கும் என்று காண்டின்ஸ்கி பிற்காலத்தில் எழுதினார். 1903-இலேயே அவர் அந்தத் தலைப்பில் ஓர் ஓவியம் தீட்டியிருந்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கேள்வி: குழுவினர் எல்லோரும் அரூப ஓவியர்களா, அதாவது அடையாளம் காணத்தக்க உருவங்களை விலக்கி வண்ணத்தாலும் வடிவத்தாலும் மட்டும் வரைபவர்களா?

பதில்: இல்லை. மார்க் கடைசி ஆண்டுகள் வரை விலங்குகளையே வரைந்தார். 1912 மே மாதம் வெளிவந்த அவர்களுடைய தொகுப்பு நூலில் பவேரிய நாட்டுப்புறக் கண்ணாடி ஓவியங்களும் குழந்தைகளின் சித்திரங்களும் இசையமைப்பாளர் ஷேன்பெர்கின் இசைக்குறிப்பும் அருகருகே இடம்பெற்றன. உள்ளிருந்து எழும் தேவை மெய்யானதாக இருந்தால் வடிவம் எதுவாகவும் இருக்கலாம் என்பதே அவர்களுடைய நிலைப்பாடு.

கேள்வி: முதல் அரூப ஓவியத்தைக் காண்டின்ஸ்கி 1910-இல் வரைந்தார் என்பது சரியா?

பதில்: அந்த நீர்வண்ணப் படத்தில் 1910 என்று இருப்பது உண்மை, ஆனால் அது 1913-ஐச் சேர்ந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஸ்வீடனில் ஓவியர் ஹில்மா அஃப் கிளின்ட் 1906-இலேயே இவ்வழியில் இறங்கிவிட்டதால், ‘முதல்’ என்ற பட்டத்துக்கான வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. காண்டின்ஸ்கி எவ்வளவு தயங்கினார் என்பதே என்னை ஈர்க்கிறது. பொருளை முற்றிலும் விலக்கினால் எஞ்சுவது கழுத்துப்பட்டையின் அல்லது கம்பளத்தின் வெற்று அலங்காரமாகிவிடும் என்று அவர் தம் ‘கலையில் ஆன்மிகம்’ நூலிலேயே அஞ்சுகிறார். அதனால்தான் அக்காலப் படங்களைப் பொறுமையாகப் பார்த்தால் வண்ணத் திட்டுகளுக்கிடையே ஒரு மலையோ, படகின் துடுப்புகளோ, குதிரையின் முதுகு வளைவோ தென்படுகிறது.

கேள்வி: இதில் அடையாறுக்குத் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பதில்: ஓரளவு உண்டு. ‘கலையில் ஆன்மிகம்’ என்ற அந்த நூலில் அவர் பிரம்மஞான சபையையும் அதன் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். சபையின் தலைமையகம் அப்போதும் அடையாற்றில்தான் இருந்தது. ஆனால் அரூபம் அங்கிருந்து பிறந்தது என்பது மிகை. 1911 ஜனவரி 2-ஆம் தேதி மியூனிக்கில் ஷேன்பெர்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்து அவர் தீட்டிய மஞ்சள் பொங்கும் ‘இம்ப்ரெஷன் 3’ படத்தைப் பார்த்தால், இசையின் பங்கும் சிறிதன்று என்பது விளங்கும்.

கேள்வி: குழு ஏன் நீடிக்கவில்லை?

பதில்: முதல் உலகப் போர். ரஷ்யக் குடிமகனான காண்டின்ஸ்கி 1914-இல் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. குழுவின் இன்னொரு ஓவியரான ஆகுஸ்ட் மாக்கே அந்த ஆண்டே போர்முனையில் இறந்தார். மார்க் 1916-இல் பிரான்சின் வெர்தன் போர்க்களத்தில் மாண்டார். மார்க்கின் ‘நீலக் குதிரைகளின் கோபுரம்’ நாஜிகள் கைப்பற்றிய பின் காணாமல் போய், இன்றுவரை கிடைக்கவில்லை. காண்டின்ஸ்கியின் அக்காலப் படங்களையோ, முர்னாவ் ஊரிலுள்ள தம் வீட்டு நிலவறையில் முயன்டர் நாஜிகளின் கண்ணில் படாமல் மறைத்துக் காத்தார். 1957-இல், தம் 80-ஆம் பிறந்தநாளையொட்டி, அவற்றை மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார்.