பஸ் ஸ்டாண்டில் படுக்கிற பெறாமகனுக்கு எந்த டெஸ்ட் எடுப்பது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அக்காவின் மகன், வயது 19. அவனுக்கு ஆண்கள் மேல்தான் விருப்பம் என்று தெரிந்ததும் தகப்பன் அடித்துத் துரத்திவிட்டார். இரண்டு மாதமாக மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டிலும் யார் யாருடையவோ அறைகளிலும் படுக்கிறான். 'எய்ட்ஸ் வந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது, காசு தந்தால் எல்லா டெஸ்டும் இரகசியமாக எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா?' என்று கேட்கிறார்.

ஒரு சதம் கொடுக்காதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது, எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனையும் மருந்தும் இலவசம், வேறு டொக்டரின் கடிதம் தேவையில்லை, அங்கே சொல்வதை வீட்டுக்கோ பொலிசுக்கோ சொல்லமாட்டார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு உங்களிடம் காசு வாங்குகிற அந்த ஆள், நாளைக்கு அந்த ரிப்போர்ட்டை வைத்தே மிரட்டிக் காசு கேட்கமாட்டான் என்று என்ன நிச்சயம்? 1883இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையில், ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்குகிற 365ஏ பிரிவு இன்னமும் கிடக்கிறது, இப்படிப்பட்டவர்களுக்கு அதுதான் முதலீடு. அதை எடுத்துப்போட இத்தனை அரசாங்கங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

'மாற்றிக் காட்டுகிறேன்' என்று மருந்து, ஊசி, பரிகாரம் சொல்கிறவர்களும் வருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே ஒருபால் விருப்பத்தை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இல்லாத நோய்க்கு மருந்தும் இல்லை, வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இனி எய்ட்ஸ் பயம். யாரை விரும்புகிறான் என்பதால் யாருக்கும் கிருமி வருவதில்லை. படுக்க இடம் தந்தவனிடம் 'கொண்டம் போடு' என்று சொல்ல முடியாத நிலைமைதான் ஆபத்து, சொன்னால் அன்றிரவே தெருவுக்கு வரவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இரவில் தூங்காமல் விழித்திருக்க ஐஸ் என்கிற போதைப்பொருளைப் பழகுவதும், சாப்பாட்டுக் காசுக்காக யாரோடாவது போவதும் இதே வழியில்தான் வருகிறது. ஆகவே உங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பாய் போட்டுக் கொடுத்தால் பாதி ஆபத்து அன்றைக்கே குறையும்.

டெஸ்டுக்கு அவசரப்படத் தேவையில்லை, அடுத்த கிளினிக் நாளில் கூட்டிக்கொண்டு போனால் போதும். நேற்று நடந்தது இன்றைய இரத்தத்தில் தெரியாது, ஆறு வாரமாவது போகவேண்டும், மூன்று மாதத்தில் இன்னொரு தடவை பார்ப்பது நல்லது. ஆனால் ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. பாதுகாப்பில்லாத உறவு, பலவந்தம், ஊசி பகிர்ந்தது, இதில் எதுவாவது கடந்த மூன்று நாளுக்குள் நடந்திருந்தால் இன்றைக்கே போங்கள். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் குடித்தால் எச்ஐவி வராமல் தடுக்கிற மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, நாலாம் நாள் போனால் பிரயோசனமில்லை. வெள்ளி இரவு நடந்ததைத் திங்கள் காலைவரை தள்ளிவைத்தால் அந்த நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். இரவோ லீவு நாளோ என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் '72 மணித்தியாலம் இன்னும் முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அங்கே யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும், தெருவில் படுக்கிறவனுக்குக் காசநோயும் சாத்தியம். நாய் கடித்தால் 15 நிமிடம் சோப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரி.

ஐடி இல்லாமல் வேலை எடுக்க முடியாமல் இருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். புதிய ஐடிக்குக் கிராம உத்தியோகத்தரிடம் போகவேண்டும், அவரோ இவனைத் துரத்திய வீட்டைத்தான் கேட்பார். வீடில்லாதவனிடம் வீட்டு விலாசம் கேட்கிற இந்த முறையை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. அவனை உங்கள் வீட்டில் வைத்திருந்தால் உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போய்க் கதைத்துப் பாருங்கள். ஐடி வரும்வரை கிளினிக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவன் சாவதைப் பற்றிக் கதைத்தால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். கிளினிக்குக்கு நீங்களும் போங்கள், ஆனால் டொக்டரிடம் அவனைத் தனியாகக் கதைக்க விடுங்கள், சின்னம்மாவின் முன்னால் அவன் பாதியைத்தான் சொல்வான்.