'ஜெரமி' பாடலின் 79ஆம் இடம்: தரவில் பிழை இல்லை

1992இல் வானொலியெங்கும் ஒலித்த அமெரிக்க ராக் இசைக்குழு பெர்ல் ஜாமின் 'ஜெரமி', அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் 1995ஆம் ஆண்டில், அதுவும் வெறும் 79ஆம் இடத்தில் இருப்பதைப் பார்த்து, உங்கள் அட்டவணையில் ஆண்டு தவறிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். திருத்திவிடாதீர்கள், சரியாகத்தான் இருக்கிறது.

அன்றைய விதி அப்படி. கடையில் தனிப்பாடலாக விற்பனைக்கு வராத எதுவும் ஹாட் 100க்குள் நுழைய முடியாது. வானொலி எத்தனை முறை ஒலிபரப்பினாலும் பயனில்லை. 'ஜெரமி' 1992இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்து அங்கே 15ஆம் இடம் பிடித்தது. அமெரிக்காவிலோ 1995இல்தான் கடைக்கு வந்தது. அதற்குள் இந்தப் பாடல் இடம்பெற்ற 'டென்' ஆல்பத்தை வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வாங்கியாயிற்று. பிறகு தனிப்பாடலை யார் தேடுவார்கள்? 79 கிடைத்ததே பெரிது.

பாடலின் உண்மையான வீச்சு பில்போர்டின் ராக் வானொலிப் பட்டியல்களில் தெரியும்: மெயின்ஸ்ட்ரீம் ராக், மாடர்ன் ராக் இரண்டிலும் 5ஆம் இடம். எம்டிவி 1993இல் ஆண்டின் சிறந்த வீடியோ விருதையும் கொடுத்தது.

ஹாட் 100க்கும் வானொலிப் பட்டியல்களுக்கும் தனித்தனி ஆண்டுப் பத்தி வைத்துவிடுங்கள். அந்த விதி 1998 டிசம்பரில்தான் நீங்கியது. அதற்கு முந்தைய பல பாடல்களில் இதே குழப்பம் வரும். தனிப்பாடலாக விற்பனைக்கே வராத, அதே இசைக்குழுவின் 'பிளாக்' பாடலுக்கு ஹாட் 100 கட்டம் காலியாக இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள்.